தாம்போதியில் நின்ற வான்

கடலை ஊடறுத்துப் போகும் புங்குடுதீவுத் தாம்போதியின் நடுவில் வான் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது. பின்சில்லின் ஸ்பிறிங் தகடு முறிந்துவிட்டது. உள்ளே பரிமளம் பிரசவ நோவில் முனகுகிறாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு மைல். "இனி ஓட ஏலாது மச்சாள்," என்கிறான் அவள் கணவன் குலசிங்கம். "அந்தக் கயிறைத் தாரும்," என்கிறாள் வானை ஓட்டிவந்த, பரிமளத்தின் தமக்கை சறோஜினிதேவி. ஜாக்கியால் வானை உயர்த்தி, சேலையைச் செருகிக்கொண்டு கீழே தவழ்கிறாள். சில்லு உருளாமல் அண்டை கொடுக்கும் பனங்குற்றியை அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இறுக்கி, கயிற்றால் வரிந்து கட்டுகிறாள். இருபுறமும் கடல் வெயிலில் மினுங்குகிறது. கிறீஸ் அப்பிய முகத்தோடு எழும்பி வந்து ஸ்டியறிங்கைப் பிடிக்கிறாள். வான் மெல்ல நகர்கிறது. சைக்கிளோடு ஒதுங்கி நிற்கும் கிழவர், "ஆர் பிள்ளை ஓடுறது?" என்று கேட்கிறார். நோவைப் பல்லில் கடித்தபடி பரிமளம் யன்னலால் தலையை நீட்டிக் கத்துகிறாள்: "என்ர அக்கா!"