ரூல்ஸ் கொடுத்த கடிதம்

"என் புருஷனைக் கொன்னது நீங்கதானே? வாயைத் திறந்து சொல்லுங்க!"

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி இப்படிக் கேட்டதும் கிளப் அறையில் இருந்த எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ரிமோட் விமானம் பறக்கவிடும் எங்கள் கிளப்பில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'ரூல்ஸ்'. ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானம்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"மூணு கிலோ எடை, நூறு கிலோமீட்டர் வேகம். மேல விழுந்தா பொம்மையா நிஜமான்னு மண்டைக்குத் தெரியாது சார்!"

புரொப்பல்லரில் ஒரே ஒரு ஸ்க்ரூ லூஸாக இருந்ததற்காக, செயலாளரான என்னையே ஒருநாள் பறக்கவிடாமல் வீட்டுக்கு அனுப்பியவர். அன்று நான் திட்டாத திட்டில்லை.

அப்பேர்ப்பட்டவரின் விமானம்தான் மூன்று வாரத்துக்கு முன்பு கண்ணாடிக்கடைக்காரரின் தலையில் வந்து விழுந்தது. அன்று மைதானத்தில் இருந்தது மூன்றே பேர். ரூல்ஸ் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்தில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்தார். அவர் மனைவியான அந்தம்மா சும்மா துணைக்கு வந்தவர். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சொல்லுங்க மாஸ்டர்," என்றார் கிளப் தலைவர். "மெஷின் கோளாறா, இல்ல உங்க தப்பா?"

"என் தப்புதான். பேட்டரியை செக் பண்ணாம மேல ஏத்திட்டேன். நடுவானத்துல சார்ஜ் போயிடுச்சு."

"அடப்பாவி மனுஷா!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்களை மட்டும் என்ன பாடு படுத்தினார்!"

"அதை எழுதிக் கொடுங்க," என்றார் அந்தம்மா.

நான் குனிந்து ரூல்ஸின் காதோரம் சொன்னேன். "மாஸ்டர், அவசரப்படாதீங்க. போலீஸ் இன்னும் விபத்துன்னுதான் வச்சிருக்கு. இதை எழுதிக் கொடுத்தா கேஸே மாறிடும். உள்ள தூக்கி வச்சாலும் வைப்பாங்க. டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸ் போயிடும். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

"பேனா இருக்கா சார்?"

கொடுத்தேன். ஆறே வரி எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

அந்தம்மா அதை இரண்டு தடவை படித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினார்.

"மூணு வாரமா கண்ணை மூடலைங்க. அன்னைக்கு வேண்டாம், வீட்டுலயே இருங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பார். சொல்லாம விட்டேனே, நான்தான் காரணமோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. முந்தாநாள் மாத்திரை டப்பாவை மொத்தமா கையில கொட்டிட்டேன். என் தங்கச்சி பார்த்துத் தட்டி விட்டா." மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்பதான் தெரியுது, தப்பு யாருதுன்னு."

போகிற போக்கில் ரூல்ஸின் முன்னால் நின்றார்.

"நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க."

ரூல்ஸ் தலையாட்டினார். சரி என்பது போலத்தான் இருந்தது.

அவரை ஆயுள் முழுக்கக் கிளப்பிலிருந்து நீக்குவதாகத் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை, நான் உட்பட. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இருபது வருஷம் பழகியவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அறையைப் பூட்ட வேண்டியவன் என்பதால் நான் நின்றேன். எனக்கு மனசு ஆறவே இல்லை. காரணம், அந்தக் கடிதத்தில் இருந்தது பச்சைப் பொய். நொறுங்கிய விமானம் என் பொறுப்பில்தான் இருக்கிறது. கூட்டத்தன்று காலையில்தான் அதன் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் எழவில்லை.

"பேட்டரியில முக்கால்வாசி சார்ஜ் அப்படியே இருக்கு மாஸ்டர். எதுக்கு இந்தப் பொய்?"

ரூல்ஸ் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

"அப்போ சிக்னல்தான் அடிபட்டிருக்கு. உங்களோடதும் கண்ணாடிக்கடைக்காரரோடதும் பழைய ரிமோட், ஒரே சேனல். ஒருத்தர் பறக்கவிடும்போது இன்னொருத்தர் ஆன் பண்ணிட்டா விமானம் யார் பேச்சையும் கேக்காது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர்தானே ஆன் பண்ணார்? செத்தவர் மேல பழி வேண்டாம்னு, உங்க பொண்ணுங்களை நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்களா?"

"அவரா? சேச்சே. என்னைவிட ரூல்ஸ் பார்க்கிற ஆள் சார் அவர்."

"பின்னே?"

"அவர் கையில ரிமோட்டே இல்ல. கார்லயே மறந்துட்டு வந்துட்டார். போய் எடுத்துட்டு வான்னு அனுப்பினார்."

"யாரை?"

ரூல்ஸ் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு ஸ்விட்சைப் போட்டே கொண்டு வந்திருப்பாங்க போல. அலறிக்கிட்டு ஓடி வந்த அந்தம்மா கையில இருந்து ரிமோட்டை வாங்கி, அவங்களுக்குத் தெரியாம நான்தான் சார் ஆஃப் பண்ணேன்."