நிமிர்ந்து நின்ற கழுதை

முதலில் கழுதையின் காது வந்தது. நேராகத்தான் வந்தது.

‘போகப் போகச் சாயும்’ என்று மனசைத் தேற்றிக்கொண்டான் மூத்த மாப்பிள்ளை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய சகலை. அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள். ஒரே அருங்காட்சியகத்தில் வேலை. முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

அவர்கள் காப்பது ஃபேக்ஸுக்குப் பாட்டனான ஓர் இயந்திரத்தை. அங்கே சகலை தகட்டில் வரைந்த படத்தை ஓர் ஊசலின் முள் வருடும். இங்கே இன்னொரு ஊசலின் முள், மருந்தில் நனைத்த தாளில் அதையே கோடு கோடாகப் போடும். இரண்டும் ஒரே கதியில் ஆட வேண்டும். ஒன்று பிந்தினாலும் படம் சாய்ந்துவிடும்.

இன்று சாய்ந்தே ஆக வேண்டும்.

‘வருங்கால ஃபேக்ஸ்’ என்று புதுக் கூடம் திறக்கிறார்கள். அங்கே ஒருவனுக்குத்தான் வேலை. படம் சாய்ந்தால் மேலாளர் அம்மாள் கடிகாரத்தை வைத்துப் பார்ப்பார். எவனுடைய ஊசல் பிந்துகிறதோ அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காலையில் சகலை டீ குடிக்கப் போன நேரம், அவனுடைய ஊசல் குண்டுக்கு அடியில் இருக்கும் திருகை மூத்தவன் ஒரு சுற்று இறக்கிவிட்டான். குண்டு இறங்கினால் ஊசல் பிந்தும். மனசாட்சி கொஞ்சமும் உறுத்தவில்லை. ஒழியட்டும் சனியன்.

பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டு, சாவகாசமாகக் கை கழுவிவிட்டு வந்தான்.

கழுதைக்கு முதுகு வந்தது. வால் வந்தது. யாரை நினைத்து வரைந்திருக்கிறான் என்று கேட்கவே வேண்டாம்.

கடைசியில் நாலு காலும் வந்தன. கழுதை நட்டுக்குத்தலாக நின்றது. இந்த இயந்திரத்தில் இவ்வளவு நேராக ஒரு படம் வந்ததே இல்லை.

மேலாளர் அம்மாள் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“அடேயப்பா! சொந்தக்காரங்கன்னா இப்படியில்ல ஒத்துப் போகணும்! உங்களைப் பிரிச்சா எனக்குத்தான் பாவம். புதுக் கூடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே மேசை.”

மூத்தவன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். சகலையின் முகத்தில் ஈயாடவில்லை.

ஜெயித்தவன் ஏன் இப்படி விழிக்கிறான்?

மூத்தவன் மெல்லக் குனிந்து தன் ஊசலின் அடியைப் பார்த்தான்.

அவன் அடையாளத்துக்கு வைத்திருந்த சிவப்புப் பொட்டிலிருந்து, திருகு ஒரு சுற்று இறங்கியிருந்தது.