மாப்பிள்ளை கேட்ட பைக்

"அந்தக் கறுப்பு வண்டிய இன்னொரு தடவ பாத்துட்டு வந்துருவமா மச்சான்?" என்றான் சோலை.

அழகுபாண்டிக்குச் சுருக்கென்றது.

காலையில் கோரிப்பாளையம் ஷோரூமில் கறுப்பு வண்டி. அங்கேயிருந்து இம்புட்டு வெயிலில் பைபாஸ் ரோட்டுக்கு வந்து, இந்த ஷோரூமில் நீல வண்டி. இப்போது மறுபடியும் கோரிப்பாளையமாம். வாங்கித் தருகிறவன் இவன். அலைக்கழிக்கிறவன் தங்கச்சியைக் கட்டப்போகிற மாப்பிள்ளை. வாயைத் திறக்க முடியுமா?

ரெண்டும் ஒரே ரகம்தான். நேக்கட் பைக் என்று பேராம். மேலே ஒன்றும் போர்த்தாமல் எஞ்சினைக் காட்டிக்கொண்டு நிற்கும். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. எதைக் கொடுத்தாலும் வேறொருத்தன் பல்லெல்லாம் தெரிய ஓட்டிக்கொண்டு போயிருப்பான்.

பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு எம்புட்டு நல்ல பிள்ளையாகப் பேசினான் இந்தச் சோலை. நகை நட்டு, சீர் செனத்தி எதுவும் வேண்டாம், முத்துமீனா வந்தால் போதும் என்றான். அழகுபாண்டி அதைச் சோழவந்தான் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். டீக்கடையிலிருந்து கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள் வரைக்கும், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று அதே பேச்சு.

பத்திரிகை பாதி ஊருக்குப் போன பிறகு, நேற்றுச் சாயங்காலம் போன் வருகிறது. "மச்சான், ஒரு பைக் மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

வீட்டில் அழகுபாண்டி மூச்சு விடவில்லை. தங்கச்சி காதில் விழுந்தால் மனசு உடைந்து போவாள். விடிந்ததும் கொடிக்கால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். அவன் வந்த வண்டிக்கு வயசு பதிமூன்று. வெற்றிலைக் கட்டு ஏற்றி ஏற்றிப் பின்சீட்டே பள்ளம் விழுந்து கிடக்கிறது.

வந்த இடத்தில்தான் கூத்து. சேல்ஸ்மேன் வேகத்தைப் பற்றிச் சொன்னால் சோலை காதிலேயே வாங்கவில்லை. சீட்டு எம்புட்டு உயரம், கிளட்சைப் பிடித்தால் கை வலிக்குமா, நிறுத்தும்போது ரெண்டு காலும் தரையில் பாவுமா. ரெண்டு கடையிலும் இதே கேள்விதான். ஆளோ ஆறடி. அவனுக்குக் கால் பாவாத வண்டியை இனிமேல்தான் எவனாவது செய்ய வேண்டும். கேட்ட பதிலையெல்லாம் போனில் தட்டி யாருக்கோ அனுப்பிக்கொண்டும் இருந்தான். கூட்டாளிகளிடம் பெருமையடிக்கிறான் போல.

ஓட்டிப் பார்க்கச் சொன்னால் அதுவும் மாட்டான். நீங்களே ஓட்டிச் சொல்லுங்க மச்சான் என்று நிழலில் ஒதுங்கிக்கொண்டான். ரெண்டையும் ஓட்டியது அழகுபாண்டிதான். ஓட்டும்போது மட்டும் கோபம் கொஞ்சம் இறங்கியது என்னவோ உண்மை. நீலம், திருகினால் பறந்தது. கறுப்பு, சந்துபொந்துக்குள் சொன்ன பேச்சுக் கேட்டது. இறங்கினதும் கோபம் பழையபடி ஏறிக்கொண்டது. சீர் செய்கிறவனையே டிரைவராகவும் ஆக்கிவிட்டானே.

"மறுபடியும் எதுக்கு மாப்ள அது?" பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான்.

"இது பதினஞ்சு கிலோ கூடுதலா இருக்கு மச்சான். சாஞ்சா ஒத்தையில தூக்கி நிறுத்த முடியணும்ல."

அம்புட்டுதான். காலையிலிருந்து அடக்கி வைத்தது பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு வண்டியத் தூக்க முடியாதோ? ஓசியில வர்றதுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா? ஒண்ணும் வேணாம்னு சபையில சொன்னது இந்த வாயிதான? பத்திரிகை குடுத்த பெறகு கேட்டா இவன் எங்க போயிருவான்னு நெனப்பு. எந்தங்கச்சி எனக்குப் பாரமில்ல மாப்ள. இப்பவே வீட்டுக்குப் போயி கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொல்லிப்புடுவேன்."

கடையே திரும்பிப் பார்த்தது. பில் போடுகிற பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சேல்ஸ்மேன் மெல்ல அடுத்த வண்டிப் பக்கம் நகர்ந்துகொண்டார். அம்புட்டுப் பேர் கண்ணும் சோலை மேல்தான். மாமனார் வீட்டில் பிடுங்கித் தின்கிறவனைப் பார்க்கிற பார்வை.

சோலை முகம் கறுத்துப்போய் அந்த நீல வண்டியைப் பார்த்தான்.

"எனக்குக் கியர் வண்டி ஓட்டவே தெரியாது மச்சான்" என்றான்.

ஓட்டத் தெரியாதவனுக்கு வண்டி ஒரு கேடா என்று அழகுபாண்டி கேட்க வாயெடுப்பதற்குள், சோலை ஒரு நம்பரை அழுத்தினான். நடந்ததை ரெண்டே வார்த்தையில் சொல்லி, இனிமே மறைக்க முடியாது, நீயே பேசு என்று போனை நீட்டினான்.

அந்தப் பக்கம் முத்துமீனா.

"அண்ணே, அவரத் திட்டாதீங்க. வண்டி எனக்கு. உங்ககிட்ட கேக்கச் சொன்னதும் நாந்தான். கெட்ட பேரு வந்தா வந்துட்டுப் போகுதுன்னு கேட்டாரு."

அழகுபாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டேனா தாயி, இதுக்கு எதுக்கு இம்புட்டு நாடகம் என்றான்.



"லைசென்சு எடுத்த நாள்லருந்து மூணு வருசமா கேட்டேண்ணே. பொம்பளப்பிள்ளைக்கு பைக்கு எதுக்குன்னு சாப்பாட்டுல இருந்து தலையக்கூட நிமித்தாமச் சொன்னீங்க. அவரு நேத்துச் சாயங்காலம் ஒரு தடவதான் கேட்டாரு. இன்னைக்குக் காலையில ஷோரூம்ல நிக்கிறீங்க."