தாய்மாமன் போட்ட கையெழுத்து

மடியில் இருந்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த சிவக்குமார்தான், காது குத்த வந்த ஆசாரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். தாய்மாமனுக்கு ரத்தம் என்றால் பயம் போல என்று பேரையூர்க் கோயில் வாசலில் கூடியிருந்த சொந்தங்கள் கேலி பேசின.

அவன் காதில் போன் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரை விமான நிலையத்தில் அவனோடு மெக்கானிக்காக இருக்கும் வெங்கடேஷ்பாபு பேசினான்.

"அண்ணே, சென்னை பிளைட் பாதியில திரும்பி வருது. இடது என்ஜின்ல ஆயில் பிரஷர் மீட்டர் ஜீரோவுக்கு எறங்கிருச்சு, சிவப்பு விளக்கும் எரியுதாம். நேத்து அந்த மீட்டர நீங்கதானே பாத்தீங்க?"

பார்த்தவன் அவன்தான். மீட்டருக்குப் போகும் வயரை மட்டும் மாற்றினான், வேறெதையும் தொடவில்லை. மாற்றியபின் என்ஜினை ஓடவிட்டு முள் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை.

அதற்குள் தங்கச்சி முத்துத்தாய் நாலு தடவை கூப்பிட்டுவிட்டாள். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? ஓடவிட்டுப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீர்த் தட்டுச் சாமான்களோடு பஸ் ஏறிவிட்டான் இந்த மகராசன்.

விமானத்தில் அறுபத்தெட்டு பேர். நன்றாக ஓடும் என்ஜினை, அவன் பொய்யை நம்பி கேப்டன் நிறுத்திவிட்டால் மிச்சம் ஒற்றை என்ஜின்தான். அதுவும் மக்கர் செய்தால் அவ்வளவுதான். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"பாபு, நான் ஓட்டிப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். கோளாறு மீட்டர்லதான், என்ஜின் நல்லாத்தான் இருக்கும். நிறுத்த வேணாம்னு கேப்டன்ட்ட உடனே சொல்லு."

 சொன்ன கையோடு இணைப்பு போய்விட்டது.

ஆசாரி காது குத்தினார். குழந்தை வீறிட்டது, யாரோ அதன் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். சிவக்குமார் குலசாமியை நிமிர்ந்து பார்க்கவே கூசிப்போய், தலையைக் குனிந்தபடி வேண்டிக்கொண்டான்.

இருபது நிமிடம் கழித்து போன் அடித்தது. விமானம் இறங்கிவிட்டது, அம்புட்டுப் பேரும் நல்லாயிருக்கிறார்கள் என்றான் பாபு.

சிவக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. தப்புச் செய்தாலும் சமயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று மனசு கொஞ்சம் ஆறியது. தான் சொன்னதைக் கேப்டனிடம் சொன்னாயா என்று கேட்டான்.

"சொன்னேண்ணே. இப்பத்தான் என்ஜின் மூடியத் தெறந்து பாத்தோம். குழாய் வெடிச்சு, உள்ள சொட்டு ஆயில் இல்ல. உங்க மீட்டர் சரியாத்தான் காட்டிருக்கு."

பாபுவின் குரல் இறங்கியது.

"நல்லவேளை, நீங்க சொன்னத கேப்டன் கேக்கல."