ஜிப்பைத் திறக்காதே

“சம்மர் விளம்பரத்துல லெதர் ஜாக்கெட்டா? மூளை கீளை குழம்பிப்போச்சா உனக்கு?”

கடற்கரையோரம் நின்ற காரின் கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கிக் கத்தினார் துணிக்கம்பெனி முதலாளி. காலையிலிருந்து அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. சொகுசான மனிதர்.

“குழம்பல சார். தெளிவாத்தான் இருக்கேன்” என்றாள் ஸ்டைலிஸ்ட். மாடலுக்கு உடை பொறுக்கி உடுத்திவிடுவது அவள் வேலை. இப்போது அவள் கையில் ஒரு தொளதொளத்த கறுப்பு ஜாக்கெட்.

மணலில், நீலக் குடைக்குக் கீழே, மெல்லிய டி-ஷர்ட்டும் அரை டிரவுசருமாக நின்றான் மாடல். மீசை பெரிது என்பதால் எல்லோருக்கும் அவன் ‘மீசை’. பதினெட்டு உடை முடிந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு பாக்கி. நெற்றியில் முத்து முத்தாய் நீர்த்துளிகள். முழங்கால் ஆடத் தொடங்கியிருந்தது.

“முடியலக்கா” என்றான், வாயில் அவள் போட்ட ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொண்டு. “ஆனா முடியலைன்னு சொன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க.”

அவன் உதடு நிறம் மாறியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிஷம் இடைவேளை கேட்டதற்கு, ‘வெளிச்சம் போயிடும், முப்பதையும் முடி’ என்று சொன்னவர்தானே இந்த முதலாளி!

“வெயில்ல எவம்மா லெதர் போடுவான்?” முதலாளி விடுவதாயில்லை.

“வெயிலுக்குப் பயப்படாதவன் போடுவான் சார். அதையே தலைப்பாப் போடுங்க.”

போட்டோகிராபர் சமாதானத்துக்கு வந்தார். “சரி, ஜிப்பையாவது திறந்து விடுவோமா? கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டா...”

“கூடாது. கை முழுசா இருக்கணும். ஜிப் கழுத்து வரைக்கும். காலரையும் தூக்கி விடணும். அதான் ஸ்டைல்.”

“அப்புறம் என் டி-ஷர்ட் எப்படித் தெரியும்?” முதலாளிக்குக் குரல் கிறீச்சிட்டது.

“கீழ ரெண்டு அங்குலம் தெரியும். மிச்சத்தைப் பாக்கணும்னுதான் கடைக்கு வருவான்.”

“இனிமே இந்தத் தொழில்ல உன்னை எவனும் கூப்பிடாமப் பண்ணிடுவேன்!”

 பத்து வருஷமாக இந்தத் தொழில்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

“பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மணலில் இறங்கினாள். மீசைக்கு ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள்.

கேமராவுக்குள் பார்த்த போட்டோகிராபர் கட்டைவிரலை உயர்த்தினார். “சார்... அசத்தலா இருக்கு சார்.”

முதலாளி எட்டிப் பார்த்தார். மோவாயைச் சொறிந்தார். “எடுத்துத் தொலைங்க” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மீசையின் முழங்கால் ஆட்டம் மெல்ல அடங்கியது. “அக்கா, அப்ப நீங்க?”

“என்னை யாருடா படம் எடுக்கப்போறா? நான் நடுங்கினா என்ன?”

பனி கொட்டும் அந்தக் குளிர்நாட்டிலும், கோடையில் கடைக்கு வரும் துணிக்கு நடுக்குளிர்காலத்திலேயே படம் எடுத்துவிடுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். மூச்சு புகையாகப் படத்தில் விழாதிருக்க அவன் வாயில் இன்னொரு ஐஸ்கட்டியைப் போட்டு, வேர்வைபோலத் தெரிய நெற்றியில் தண்ணீரும் தெளித்துவிட்டு, கேமராவுக்குத் தெரியாத பனிக்குவியலின் ஓரமாய்ப் போய், தன் ஒரே ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்ட கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள் அவள்.