பதினைந்து நாள் இருமல்

"கூச்சப்படாம இந்தப் போனைப் பார்த்து இருமுங்கக்கா. டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் இருமலைக் கேட்டே நெஞ்சுல என்னன்னு ஓரளவு சொல்லிடும் இது," என்றாள் நர்ஸ்.

மாவு மில்காரரின் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்தே வந்தன. பதினைந்து நாளாக வீடே அதிர இருமிய மனைவி, இங்கே வந்ததும் ஊமையாகிவிட்டாள். காய்ச்சலிலும் மில்லைத் திறக்கிற மனுஷர், அவளுக்காக இன்று பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"வீட்ல மட்டும் அந்த இருமு இருமுற!"

"வெக்கமா இருக்குங்க. முதல்ல நீங்க இருமிக் காட்டுங்க."

"நல்ல கூத்துடி! எனக்கு வர்றது மாவுத்தூசி இருமல். அதைக் கேட்டு இவங்க என்ன பண்ணப் போறாங்க?"

"ரெண்டு பேருமே இருமுங்க ஐயா. வீட்ல ஒருத்தருக்கு இருமல்னா கூட இருக்கிறவங்களையும் பார்க்கறதுதான் இங்க வழக்கம்."

தலையெழுத்தே என்று குனிந்து இருமினார். ஒன்று கேட்டால் பத்தாக வந்தது. அவர் ஓய்ந்த பிறகு அவளும் இருமினாள்.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். "ஒண்ணு பச்சை. ஒண்ணு சிவப்பு. காசநோயா இருக்கலாம்னு சொல்லுது."

அவர் நர்ஸைப் பார்த்துக் கைகூப்பினார். "எப்படியாவது இவளைக் காப்பாத்திடும்மா. மில்லை வித்தாவது..."

"ஐயா, அக்காவுக்குப் பச்சை. சிவப்பு உங்களுக்கு."

"அப்ப இவளுக்கு ஒண்ணுமில்லையே?"

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவருக்கு. தன்னைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது.

"பயப்படாதீங்க. சளி டெஸ்ட்ல உறுதி பண்ணிக்கலாம். அதுவாவே இருந்தாலும் ஆறு மாசம் மாத்திரையை விடாம போட்டா குணமாயிடும். நல்லவேளை, இப்பவே வந்தீங்க."

சளியைக் கொடுத்துவிட்டு, முகக்கவசத்தோடு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தார்கள். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. வழி நெடுக அவள் ஒருதடவைகூட இருமவில்லை.

"ஏண்டி, உன் இருமல் எங்கே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அதுக்கு இனிமே என்ன வேலை? நாலு மாசமா கெஞ்சியும் உங்களுக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கல. எனக்குன்னா ஓடி வருவீங்கன்னு தெரியும்."