முப்பத்திரண்டு விநாடி

பத்தாவது பெட்டியும் முப்பத்திரண்டு விநாடியில்தான் முடிந்தது.

வேலை வேகத்தை அளக்க வந்த அளவுக்காரர் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிப் பார்த்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. முதல் பெட்டியும் முப்பத்திரண்டு. நடுவில் வந்த அத்தனையும் முப்பத்திரண்டு.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சென்ட் பாட்டிலுக்குப் பெட்டி செய்பவள். அச்சடித்த அட்டையை எடுத்து, நாலு பக்கமும் மடித்து, ஓரத்தில் பசை தடவி, மரக்கட்டையால் ஒரு அழுத்து அழுத்தி அடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காலையில் அவரும் முதலாளியும் மாடி அறைக் கண்ணாடி வழியாக இதே பெண்ணைப் பார்த்திருந்தார்கள். அவளுக்குத் தெரியாது. அப்போது பதினெட்டு விநாடி. கை எது, அட்டை எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. இவளை அளந்தால் போதும், அதுவே எல்லோருக்கும் அளவு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. எட்டு மணி நேர வேலைக்குக் குறைந்தது இவ்வளவு கூலி என்று சட்டம் சொல்வதை, ஒரு நாள் தவறாமல் கொடுப்பவர். ஆனால் அந்தக் கூலிக்கு இத்தனை பெட்டி என்று ஒரு அளவு வேண்டும், அதை எட்டாதவர்களை அடுத்த மாதம் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். அந்தச் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் ஒருவரையும் நிறுத்தமாட்டேன், செய்கிற வேலைக்குத் தகுந்ததைக் கொடுத்து எல்லோரையும் வைத்துக்கொள்வேன் என்றபோது அவர் குரல் உண்மையிலேயே கம்மியது.

அளவுக்காரர் தலையாட்டினார். அவர் கட்சியும் அதுதான். அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று மைத்துனரோடு வாதாடி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த ஆள் அவர்.

உன் உண்மையான வேகத்தைக் காட்டு, சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்.

அளக்கும்போது வேண்டுமென்றே மெதுவாகச் செய்பவர்களை அளவுக்காரர் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறார். அன்றைக்கென்று இருமல் வரும். அட்டை கை நழுவும். பசை டப்பா மூடி திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த வீண் விநாடிகளையெல்லாம் கழித்து எழுத அவருடைய படிவத்தில் தனியாக ஒரு கட்டம் உண்டு. இதுவரை ஒருவராலும் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடிந்ததில்லை.

இவளிடம் கழிக்க ஒன்றுமே இல்லை.

கை எங்கும் நிற்கவில்லை, தடுமாறவில்லை. வேகமான பாட்டை ஒருத்தி தாளம் பிசகாமல் இழுத்துப் பாடுவது போல, ஒவ்வொரு மடிப்பும் ஒரே அளவாக நீண்டது. பறக்கப் பழகிய கையை இப்படிப் பிடித்து நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவள் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"காலையில இதைவிட வேகமா செஞ்சீங்களேம்மா?"

அவள் நிமிரவில்லை.

"காலையில யாரும் அளக்கல சார்."

பதினைந்து. பதினாறு. அவர் எழுதுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது பெட்டியில்தான் அது காதில் விழுந்தது. அவள் கட்டையை அழுத்தும் 'டக்'குக்குள் இன்னொரு 'டக்' இருந்தது. இரண்டும் ஒன்றாகவே விழுந்ததால் இவ்வளவு நேரம் பிரித்துக் கேட்கவில்லை.

இருபதாவதில் அந்த மற்றச் சத்தம் ஒரு இமைப்பொழுது பிந்தியது. அவள் கட்டை அந்தரத்தில் நின்றது. காத்திருந்து, அதோடு சேர்ந்தே இறங்கியது.

அளவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவளுக்கு முதுகு காட்டி, அடுத்த மேசையில் இன்னொரு பெண். பக்கவாதம் வந்து இடது கை விரல்கள் துவண்டு கிடந்தன. அட்டையை இடது முழங்கையால் அமுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வலது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கூலி போதும், என்னை நிறுத்திவிடாதீர்கள் என்று கை விளங்காத ஒருத்தி கெஞ்சினாள், சட்டம் என் கையைக் கட்டிவிட்டது என்று முதலாளி மாடியில் சொன்னது இவளைத்தான். அந்தக் கூடத்தில் இவளைவிட மெதுவான ஆள் கிடையாது.

அளந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் அளந்தார்.

முப்பத்திரண்டு.

பிறகு படிவத்தை எடுத்து முப்பத்திரண்டு என்று எழுதினார். கழிக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். கடிகாரம் காட்டாத எதையும் அவர் இதுவரை எழுதியதில்லை. இன்றும் எழுதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதலாளி படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காலையில் பறந்தாளே, இவ்வளவுதானா என்றார். கடிகாரம் காட்டியது இவ்வளவுதான் என்றார் அளவுக்காரர். அப்படியென்றால் அளவை எட்டாதவர் என்று ஒருவரும் இல்லை, யாரையும் நிறுத்த முடியாது. முதலாளி சட்டத்தை ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்துவிட்டு, சூப்பர்வைசர் வேலைக்கு வேறு யாரையாவது பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

வாசலில் வருகைப் பதிவு எழுதும் அம்மா உட்கார்ந்திருந்தார். அளவுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அந்த இரண்டு பேரும் அக்கா தங்கையா, இல்லை சிறு வயதுத் தோழிகளா என்று விசாரித்தார்.

அந்த அம்மா கூடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணியும் நாத்தனாரும் சார். ஒரே வீடு, அடுப்பு தனித்தனி. ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷம் ஆகுது."